பிற்பகல் வெயிலும் நீல ஒயரும்

தெருவில் எல்லோரும் அவரை இஞ்சுடேப் என்றுதான் கூப்பிட்டார்கள். குளிக்கும்போதுகூட அளவு நாடா கழுத்தில் கிடக்கும் என்று ஒரு பேச்சு. அவர் அதை மறுத்ததில்லை. மறுத்தது அவர் மனைவிதான். குளிக்கும்போது கழற்றிவிடுவார், தூங்கும்போதுதான் கழற்றமாட்டார் என்பாள்.

வீடும் கடையும் ஒன்றுதான். முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, கூரை தொட அடுக்கிய பள்ளிக்கூடச் சீருடைத் துணி. பள்ளி திறந்த புதிது. மனிதர் நடக்க விட்ட வழியில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பித்தான் போகவேண்டும். பின்னறையில் மேற்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலோரம் மருமகளின் மேஜை. மேஜைக்குப் பின்னால் கட்டில், கட்டிலுக்குப் பின்னால் அலமாரி, அதற்குப் பின்னால் சுவர். மேஜையைத் திருப்பிப் போடலாமே என்று யாராவது சொன்னால், முதலில் சுவரைத் திருப்பிவிட்டு வா என்பாள் மாமியார்.

மகனுக்கு லாரியில் வேலை. போனால் மாதக்கணக்கில் சக்கரத்தின் மேல்தான் வாழ்க்கை. மருமகள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தபடியே ஒரு வேலை பிடித்தாள். அடுப்பு செய்கிற கம்பெனிக்கு வரும் தொலைபேசிகளை எடுத்துப் பேசுகிற வேலை. பர்னர் பற்றவில்லை, திருகு இறுகிவிட்டது என்று எங்கிருந்தோ யாரோ கூப்பிடுவார்கள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் அந்த அடுப்பின் படத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று காட்டுவதுபோலச் சொல்லிக்கொடுப்பாள். கோபமாகப் பேச ஆரம்பித்தவர்கள்கூட முடிக்கும்போது சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்தார்கள்.

இஞ்சுடேப் இதையெல்லாம் மெஷினில் உட்கார்ந்தபடி கேட்டுக் கேட்டு அரை அடுப்பு மெக்கானிக் ஆகிவிட்டார். சட்டை அளவு கொடுக்க வந்தவர்களிடம், உங்கள் வீட்டு அடுப்பில் சுடர் மஞ்சளாக எரிகிறதா நீலமாக எரிகிறதா என்று விசாரித்தார். மஞ்சள் என்றால் காற்றுத் துளையில் அழுக்கு என்று அவரே தீர்ப்பும் சொன்னார். வந்தவர்கள் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு அடுப்புக் கவலையோடு திரும்பினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு இணைய லைனுக்குச் சீக்கு வந்தது.

காலையில் ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, வெயில் மேற்கே சாய ஆரம்பிக்கும் நேரத்தில் ஆரம்பிக்கும். பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று காதில் ஒன்றும் இருக்காது. ஹலோ ஹலோ என்பாள். வரும். இரண்டு வார்த்தை வரும், மறுபடி போகும். முழுக்கச் செத்துப்போனால் அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், இது இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சீக்கு என்றாள் மாமியார்.

வாசல் பக்கச் சுவரில் இணையப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு நீல ஒயர் பின்னறை மேஜைக்கு வந்தது. பெட்டியின் விளக்கு துடிக்கும்போதெல்லாம் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். இஞ்சுடேப் சுவிட்சை அணைத்து, நூல் கோர்க்கிற நேரம் பொறுத்து, மறுபடி போடுவார். மாமியார் ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று ஒரு துணியை நனைத்து அதன் தலையில் போட்டாள். மருமகள் பேச்சைப் பாதியில் விட்டு ஓடிவந்து துணியை எடுத்தாள். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்குப் போடுவதைத்தானே போட்டேன் என்று மாமியார் கோபித்துக்கொண்டாள்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் துணி தேய்க்கிறவள், வெயிலில் ஒயர் நீண்டுபோகிறது, அதனால் பேச்சு வந்து சேர நேரமாகிறது என்றாள். டீக்கடைக்காரர், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து எல்லா வீட்டிலும் விளையாட்டுப் போட்டுவிடுகிறார்கள், நம் தெருவுக்கு வரும் லைனை அவர்களே உறிஞ்சிவிடுகிறார்கள் என்றார். மாமியாருக்கு மெஷின்மேல்தான் சந்தேகம்.

"உங்க மெஷின் போடற சத்தத்துல எனக்கே காது அடைக்குது. அந்த ஒயருக்கு அடைக்காதா?"

இஞ்சுடேப் அன்றிலிருந்து பிற்பகலில் மெஷினைத் தொடுவதை விட்டார். பட்டன் வைப்பது, காஜா எடுப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது என்று சத்தமில்லாத வேலையாகச் செய்தார். சீருடை கேட்டு வந்தவர்களிடம் நாளைக்கு என்றார். நாளைக்கு வந்தவர்களிடம் மெதுவாகப் பேசச் சொன்னார். அப்படியும் லைன் அறுந்தது.

கம்பெனியின் மேலாளர் அம்மா ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டாள். பேச்சு பிடித்திருக்கிறது, ஜனங்கள் பாராட்டுகிறார்கள், ஆனால் பாதிப் பேச்சில் காணாமல் போகிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் நானே லைனில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றாள். அறுபடாமல் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அறுந்தால் தலைமை ஆபீசுக்கு வந்து அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். விடுதியில் படுக்கை தருவார்கள். அந்த ஊர் ஒரு ராத்திரி ரயில் தூரம். விடுதியில் குழந்தைக்கு இடமில்லை.

மருமகள் இதை மாமனார் மாமியாரிடம் சொல்லிவிட்டுக் குழந்தையை மடியில் போட்டு ஆட்டத் தொடங்கினாள். குழந்தை ஏற்கெனவே தூங்கிக்கொண்டுதான் இருந்தது. இஞ்சுடேப் தைத்த ஓரத்தின் மேலேயே இன்னொரு தையல் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையில் லைன் பார்க்கிறவன் வந்தான். எப்போது பார்த்தாலும் தோளில் ஏணியோடு திரிவதால் அவனுக்கு ஏணி என்றே பெயர். ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, பெட்டியிலிருந்து பின்னறை வரைக்கும் கண்ணை ஓட்டினான். ஒயரைக் காணவில்லை.

"டெய்லரண்ணே, ஒயர் எங்க?"

"கண்டுபிடி பாப்போம்."

ஏணி தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். இஞ்சுடேப்புக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஜன்னல் திரைச்சீலையின் ஓரத்தைக் காட்டினார். வெளிர் பச்சைத் துணி. மேல் ஓரத்திலும் பக்க ஓரத்திலும் சுண்டுவிரல் பருமனில் உருண்டையாக ஒரு கரை ஓடியது.

மருமகளுக்கு வேலை கிடைத்த அன்று செய்தது அது. அதற்குமுன் ஒயர் தரையில்தான் கிடந்தது. மாமியார் ஒருமுறை தடுக்கி விழப்பார்த்தாள். குழந்தை தவழ்ந்துபோய் அதை வாயில் வைத்துச் சப்பியது. இஞ்சுடேப் பார்த்தார். வாசல் பெட்டியிலிருந்து துணி அடுக்குக்குப் பின்னால் சுவரின் மேல்விளிம்பு வழியாகக் கொண்டுவந்து, ஜன்னலில் திரைச்சீலைக்குள்ளேயே விட்டு, மேஜைக்கு இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். திரைச்சீலை ஓரத்தில் ஒல்லியாக ஒரு குழல் தைத்தார். ஒயரின் முனையிலிருந்த பிளாஸ்டிக் தலை அதற்குள் நுழையவில்லை. குழலைப் பெரிசாக்கினால் பார்க்க அசிங்கமாக இருக்கும். தையல்காரனுக்கு இதற்கு வழி தெரியாதா. மெத்தை உறைக்குப் பைப்பிங் கொடுக்கும்போது கயிற்றை மடிப்புக்குள் வைத்து அதை ஒட்டியே தையலை ஓட்டுவார்களே, அப்படி ஒயரைக் கயிறாக வைத்து மடித்து, மெஷினில் துணியை அமுக்கும் ஒற்றைக்கால் பூட் மாட்டி, ஓட்டி முடித்தார். மருமகள் பார்த்துவிட்டு, மாமா, கம்பெனியில்கூட இப்படி இருக்காது என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவர் பலநாள் வைத்துத் தின்றார்.

ஏணி கரையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இத்தன வருசமா ஒயர் இழுக்கறேன். ஒயருக்குச் சட்ட தச்சுப் போட்ட ஆள இப்பத்தான் பாக்கறேன்."

"அளவு சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு. காலர்தான் இல்ல."

அவன் தன் வேலையை முறையாகச் செய்தான். முதலில் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைப் பெட்டியருகே தூக்கிக்கொண்டுபோய், தன் பையிலிருந்த முழ நீள ஒயரில் நேராக மாட்டினான். அறுபடவில்லை. தெருவிலிருந்து வருவது நன்றாகத்தான் வருகிறது என்றான். பிறகு நீல ஒயரின் இரண்டு முனையையும் கழற்றி, தன் சோதனைக் கருவியின் இரண்டு பாதியில் சொருகினான். உள்ளே எட்டு நரம்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு என்றான். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வரிசையாக ஓடின. ஒன்றும் தப்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் பழைய தலையை வெட்டிவிட்டுப் புதுத் தலை மாட்டினான். சீக்கு இதிலேயே போய்விடும் என்றான். டீயும் ரஸ்க்கும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இஞ்சுடேப் மனைவியைப் பார்த்தார். மெஷின்மேலும் குற்றமில்லை, தையல்மேலும் குற்றமில்லை என்பது அந்தப் பார்வையின் அர்த்தம்.

பிற்பகலில் லைன் அறுந்தது. வியாழக்கிழமையும் அறுந்தது. ஒரு பாட்டியம்மாளுக்குக் காற்றுத் துளையைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அறுந்து, மறுபடி வந்தபோது அந்த அம்மாள் அழாத குறை. நீ பாதியில் விட்டுட்டியேம்மா, நான் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டேனே என்றாள்.

அன்று சாயங்காலம் மருமகள் பரண்மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினாள். கஞ்சியை ஆறவைத்து, குழந்தையை மடியில் உட்காரவைத்து, கரண்டியால் ஊட்டினாள். குழந்தை துப்பியது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். மறுபடி துப்பிவிட்டு அது அவள் ரவிக்கையைப் பிடித்து இழுத்தது. அவள் கையை விலக்கினாள், அது அழுதது. மூன்றாவது கரண்டியை எடுத்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக் குழந்தையை உள்ளே சேர்த்துக்கொண்டாள். சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் நின்றிருந்த இஞ்சுடேப் உள்ளே வராமல் திரும்பி நடந்தார். ஏணியின் வீட்டுக்குத்தான் போனார்.

ஏணி அவரை உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னான். நோயாளிக்குக் காலையில் நோவு இல்லை, நான் காலையில் வந்து நாடி பிடித்தேன், அது சிரித்துக்கொண்டு இருந்தது. நாளைக்கு நோவு வருகிற நேரத்துக்கு வருகிறேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தான். மேலாளர் அம்மா லைனில் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மருமகள் தலையை வாரிப் பொட்டு வைத்து, யாரோ நேரில் பார்க்க வருவதுபோல உட்கார்ந்திருந்தாள். ஏணி மறுபடியும் கருவியை மாட்டி, ஒரு பாதியை மேஜைமேல் வைத்தான். விளக்குகள் வரிசையாக ஓடின. நான்கு பேரும் அதையே பார்த்தார்கள். அது ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்குபோல," என்றாள் மாமியார் ஆசையோடு.

வெயில் ஜன்னலுக்கு வந்தது. மேஜையில் விழுந்து, திரையில் விழுந்து, மருமகள் கண்ணில் விழுந்தது. அவள் தினமும் செய்வதுபோல எழுந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரைச்சீலையை இழுத்து மூடினாள். மேஜைமேல் மூன்றாவது விளக்கும் ஆறாவது விளக்கும் அணைந்தன.

அவள் திரைச்சீலையைத் திரும்பத் தள்ளினாள். எட்டும் ஓடின. இழுத்தாள். இரண்டு அணைந்தன.

ஏணி வாயைத் திறப்பதற்குள் இஞ்சுடேப்புக்கு விளங்கிவிட்டது. அவர் முன்னால் வந்து தன் கையாலேயே ஒருமுறை இழுத்தார். தள்ளினார். இன்னொருமுறை இழுத்தார். மேல் மூலையில், கரை திரும்பி இறங்குகிற இடத்தில், துணி நாலு மடிப்பாகக் கூடுகிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். விளக்குகள் அவர் விரலுக்கு ஏற்றபடி எரிந்து அணைந்தன.

"வெயிலும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல," என்றார். "நான்தான்."

புதிதாக ஒயர் இழுக்கலாம்தான், ஆனால் சுருள் காலையில்தான் தீர்ந்தது, கிடங்குக்குப் போய்வர நேரமில்லை என்றான் ஏணி. இதையே வெளியே எடுத்து, கெட்ட இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுப் போட்டால் இன்றைக்குத் தாங்கும். கத்தரியை எடுக்கட்டுமா என்று கேட்டான்.

"நீ கைய வெக்காத. என் தையல நான்தான் பிரிக்கணும்."

கம்பியோடு திரைச்சீலையைக் கழற்றி மெஷின்மேல் போட்டு, பிளேடால் பிரித்தார். போடும்போது எவ்வளவு வேகமோ பிரிக்கும்போது அதைவிட வேகம். அந்த வேகத்தில் பச்சைத் துணியும் இரண்டாகக் கிழிந்து நீல ஒயர் குடல் மாதிரி வெளியே வந்தது. மூலைக்கு வந்ததும் நின்றார். ஒயரில் எறும்புக் கண் அளவுக்கு ஏதோ மினுங்கியது. நகத்தால் நெம்பினார். ஊசி முனை. தினமும் திரைச்சீலை இழுபட இழுபட அது உள்ளே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருந்தது.

பைப்பிங் ஓட்டின அன்று, அந்த மூலையில் வைத்துத்தான் ஊசி ஒடிந்தது. தடித்த துணியில் ஒடிவது வழக்கம்தான். ஊசியை மாற்றிவிட்டு, ஒடிந்த முனையைத் தேடினார். கிடைக்கவில்லை. குழந்தை தவழ்கிற வீடு. குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை நூலில் கட்டித் தரையெங்கும் இழுத்துக்கொண்டு திரிந்தார். கட்டிலுக்கு அடியில், துணி மூட்டைக்கு அடியில், ஒரு வாரம் முழுக்க.

"குனிஞ்சு குனிஞ்சு தேடினீங்களே," என்றாள் மாமியார் ஊசி முனையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து. "ஒரு தடவ அண்ணாந்து பாக்கத் தோணுச்சா? நான்கூட வேண்டிக்கிட்டேன், அந்த ஊசி பிள்ள இருக்கற பக்கம் வராம எங்கயாவது மேல போயிடணும்னு."

"போயிடுச்சுல்ல," என்றான் ஏணி.

முதலில் மருமகள்தான் சிரித்தாள். அடக்கப்பார்த்து முடியாமல், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அது மாமியாருக்குத் தொற்றியது. குழந்தை எல்லோரையும் பார்த்துவிட்டுத் தானும் கையைத் தட்டியது. இஞ்சுடேப் மட்டும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மருமகள் தலையைத் தூக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ள வாயில போகாம ஒயருக்குள்ள போச்சே மாமா, அது போதும் என்றாள். அதற்கப்புறம்தான் அவருக்கும் மூச்சு வந்தது.

ஏணி ஊசி குத்திய இடத்தை வெட்டி எறிந்தான். இரண்டு முனைக்கும் தலை வைத்து, நடுவில் ஒரு சின்ன இணைப்புப் பெட்டியை வைத்துச் சேர்த்தான். ஒயரைத் தலை உயரத்தில் ஆணிக்கு ஆணி தொங்கவிட்டு மேஜைக்குக் கொண்டுவந்தான். எட்டு விளக்கும் ஓடின. கருவியைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிய மறு நிமிஷம் ஹெட்போனில் மேலாளர் அம்மாவின் குரல் வந்தது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அழைப்பை எடு என்றாள்.

எடுத்தாள். அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல் வெறும் ஜன்னலாக நின்றது. வெயில் முழுசாகத் திரையில் விழுந்து, திரையில் எதுவுமே தெரியவில்லை. அடுப்பின் படமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெள்ளை வெளேரென்று கண் கூசியது. திரைச்சீலையோ இரண்டு துண்டாக மெஷின்மேல் கிடந்தது. அவள் கையைக் கூரைபோல நெற்றியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு பெரியவர், அடுப்பு என்ன மாடல் என்பதற்கே தன் கல்யாணக் கதையிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

இஞ்சுடேப் யோசிக்கவில்லை. அடுக்கிலிருந்து பள்ளிப் பாவாடைத் துணியை, நல்ல கெட்டியான மெரூன் நிறத்தை, வாரி எடுத்தார். முக்காலியில் ஏறி ஜன்னலை மறைத்து நின்று இரண்டு கையையும் அகல விரித்தார். அறை முழுக்க மெரூன் வெளிச்சம் ஆனது. திரையில் அடுப்பு தெரிந்தது. ஆனால் ஜன்னல் அவர் கைகளைவிட அகலம். ஓரத்தில் ஒரு வாள் மாதிரி வெயில் வந்து அவள் கண்ணைக் குத்தியது. ஏணி சத்தமில்லாமல் வாசலுக்குப் போய்த் தன் ஏணியைத் தூக்கிவந்து, அதில் ஏறி மறுமுனையைப் பிடித்தான்.

பெரியவருக்குச் சுடர் மஞ்சளாக எரிகிறதாம். முக்காலிமேல் நின்றவருக்குப் பதில் நாக்கு நுனியில் வந்தது. கடித்துக்கொண்டார். மருமகள் பொறுமையாக, முதலில் சிலிண்டரை மூடுங்கப்பா என்று தொடங்கினாள். பெரியவர் கண்ணாடியைத் தேடப் போனார். வந்தார். ஸ்குரூ டிரைவரைத் தேடப் போனார். இஞ்சுடேப்பின் தோள் இறங்கியது, மனைவி கீழிருந்து முழங்கையைத் தாங்கினாள். குழந்தை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. வெளியே துணி தேய்க்கிறவள் ஜன்னலில் மெரூன் துணியும் நாலு கையும் தெரிவதைப் பார்த்துவிட்டு, என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். மாமியார் துணிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவள் புரியாமலே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பெரியவர் திருகைக் கழற்றினார், துளையைத் துடைத்தார், மாட்டினார். பற்றவைத்தார்.

"நீலமா எரியுதாப்பா?" என்று கேட்டாள் மருமகள்.

அவர் என்ன சொன்னாரோ, அவள் முகம் மலர்ந்தது. அந்த மனிதர் உடனே வைக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், அந்த அம்மாளும் ஒருமுறை பேசினாள். லைன் இம்மியும் அசையவில்லை.

அவர்கள் வைத்ததும் மேலாளர் அம்மா பேசினாள். மருமகள் சரிம்மா, சரிம்மா என்றாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டுத் திரும்பினாள். மெரூன் வெளிச்சத்தில் அவள் கண் பளபளத்தது.

"மாமா, வீட்லயே இருந்து பாத்துக்கச் சொல்லிட்டாங்க. லைன் கண்ணாடி மாதிரி இருக்காம்."

மாமியார் குழந்தையைத் தூக்கி, அது மூச்சுத் திணறும்படி முத்தம் கொடுத்தாள். இஞ்சுடேப் பெருமூச்சு விட்டுக் கைகளை இறக்கப்போனார். அதற்குள் ஹெட்போன் மினுங்கியது. மருமகள் அவசரமாக அதைக் காதில் இழுத்துவிட்டுக்கொண்டு, இறக்காதீர்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள். அடுத்த அழைப்பு.

அவர் கைகளை மறுபடி உயர்த்தினார். ஏணிமேலிருந்து முனகல் வந்தது.

"அண்ணே, எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கணும்."

"பேசாம பிடி," என்றார் இஞ்சுடேப் கிசுகிசுப்பாக. "பொண்ணு லைன்ல இருக்கா."